டேப்புக்காரர் வீட்டு ஹோட்டல் அறை

படைத்தவன் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு கிறுக்கைக் கூடவே கட்டித்தான் அனுப்புகிறான். டேப்புக்காரருக்கு அவன் கட்டிக் கொடுத்தது அளக்கும் கிறுக்கு.

அவருடைய வேலை லிப்ட் பழுது பார்ப்பது. ஊர் ஊராகப் போய், பெரிய கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோனவற்றை மறுபடியும் ஓட வைப்பார். லிப்ட் வேலையில் அரை விரல் தப்பினாலும் கதவு இழுத்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் இரும்பு டேப் ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார் என்பாள் மனைவி. அதுவும் சந்தேகம்தான் என்பாள் மகள். தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டேப்புக்காரர் என்று கேட்டால் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

வெளியூர் வேலையில் பாதிக்கு மேல் தங்கும் ஹோட்டல்களில்தான். லிப்ட் ஓடும்வரை ஆள் கிளம்பிவிடக் கூடாது என்று காலியாகக் கிடக்கும் ஓர் அறையை அவருக்குத் திறந்துவிடுவார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் அந்த அறைக்குள் போனதும் கட்டிலில் விழுவார்கள், இல்லாவிட்டால் டிவியைப் போடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுப்பார். தரையிலிருந்து கட்டில் எவ்வளவு உயரம், தலையணையில் படுத்தபடி கையை நீட்டினால் ஸ்விட்ச் எட்டுகிறதா, கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது, திரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. எல்லாம் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு நீல அட்டை நோட்டில் ஏறும். அளவுக்குப் பக்கத்தில் காரணமும் எழுதுவார். "கட்டில் ஒண்ணே முக்கால் அடி. எழுந்திருக்க முட்டி வலிக்கவில்லை." "திரை கூரையிலிருந்து தரை வரை. ஜன்னல் சிறியது என்று தெரியவில்லை." இப்படி.

ஊர் திரும்பியதும் நோட்டு வீட்டுக்குள் இறங்கும். வீடு ஒன்றும் பெரிதில்லை. கீழே ஓர் அச்சகம், மேலே இவர்கள். ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையலறை. பகல் முழுக்கத் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். மனைவி வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைப்பவள். அவர் அளவு கொடுக்க, அவள் கூரையிலிருந்து தரை வரை திரை தைத்துத் தொங்கவிட்டாள். முழ அளவு ஜன்னல் பெரிய வீட்டு ஜன்னல் போல ஆகிவிட்டது. ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியை மாட்டியதும் சமையலறை வரை வெளிச்சம் போனது. படுத்தபடியே விளக்கை அணைக்கிற ஸ்விட்ச் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஆண்களைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. சில ஹோட்டல்களில் வாசல் பக்கத்துப் பெட்டியில் அட்டையைச் செருகினால்தான் அறைக்குள் விளக்கே எரியும். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டு வாசலில் மரத்தால் ஒரு சிறிய பெட்டி செய்தார். சாவியை அதற்குள் போட்டால் வீட்டுக்கு மின்சாரம் வரும். மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் அந்தச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போய்விட்டார், இரண்டு நாள் வேலைக்கு. மின்வெட்டு என்று நினைத்துக் காத்திருந்துவிட்டு, பதினோரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, நீங்க லிப்டை ஓட வைக்கப் போனீங்க. இங்க வீடே நின்னு போச்சு."

மகள் ஒரு சீப்பின் பிடியைப் பெட்டிக்குள் திணித்து வீட்டை ஓட வைத்தாள். அவர் திரும்பி வந்து தன் கையாலேயே அந்தப் பெட்டியைக் கழற்றினார். மகளும் சும்மா இருந்தவள் இல்லை. பரீட்சை நேரத்தில் அப்பாவிடமிருந்தே யோசனையைக் கடன் வாங்கி "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று ஓர் அட்டை எழுதித் தன் அறைக் கதவில் தொங்கவிட்டாள். அதன் மறுபக்கத்தில் "அறையைச் சுத்தம் செய்யவும்" என்று இருந்தது. அம்மா போகிற போக்கில் அதைத் திருப்பித் தொங்கவிட்டு, கையில் ஒரு துடைப்பத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

டேப்புக்காரருக்கு ஓர் அக்கா இருந்தாள், எட்டு வயது மூத்தவள். அவருக்கு ஆறு வயதாகும்போது தாய் இறந்துவிட்டாள். தகப்பனுக்குக் காவல் வேலை. எந்தக் கட்டடத்துக்குக் காவலோ அதன் பக்கத்தில் ஒரு வாடகை அறை. வருஷத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு. புது அறைக்குப் போனதும் பாயை விரிப்பதற்கு முன்னால் அக்கா சுவரில் இரண்டு ஆணி அடிப்பாள். ஒன்று அவள் கும்பிடுகிற படத்துக்கு. இன்னொன்று தாழ, தம்பிக்கு எட்டுகிற உயரத்தில், அவன் புத்தகப் பைக்கு. "இது உன் ஆணி. இதுல வேற யாரும் எதையும் மாட்ட மாட்டாங்க" என்பாள். பிறகு அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷம் போர்வைகளை மடித்தாள். இதெல்லாம் டேப்புக்காரருக்கு நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. எடுத்துப் பார்க்க வேளைதான் வரவில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போய் இரண்டு வருஷம். மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். போன மழைக்காலத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. யாரோ வந்து தூக்குகிறவரை அரை மணி நேரம் படியிலேயே கிடந்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து டேப்புக்காரருக்கு ஒரே நினைப்புதான். அக்கா இங்கே வந்துவிட வேண்டும். விருந்துக்கு அல்ல, இருப்பதற்கு.

ஆறு முறை கேட்டார். ஆறு முறையும் "பாக்கலாம்டா" என்றே பதில் வந்தது. ஏழாவது முறை அவள் கொஞ்சம் இறங்கினாள்.

"பத்து நாள் வந்து இருந்து பாக்கறேன். ரூமை வெச்சுக்கறேனா விடறேனான்னு வாடகை வீட்டுக்காரர் கேட்டுட்டே இருக்கார். வேற ஆள் காத்துட்டு இருக்காங்களாம். பத்தாம் நாள் சாயங்காலம் அவருக்குப் பதில் சொல்றதா சொல்லியிருக்கேன்."

தையல் மெஷின் இருந்த அறை அக்காவுக்கு என்று முடிவாயிற்று. மெஷின் கூடத்துக்கு வந்தது. மனைவி முகம் சுளிக்கவில்லை. "மெஷினுக்குக் கதவு எதுக்கு? அண்ணிக்குத்தான் வேணும்" என்றாள்.

இரண்டு வாரம் அந்த அறையில் நோட்டின் பக்கங்கள் எல்லாம் வேலை செய்தன. மலை ஊர் ஹோட்டலில் பார்த்த பால் ஏட்டு நிறம் சுவருக்கு. கடற்கரை ஹோட்டலின் கட்டில் உயரம். ரயிலடி ஹோட்டலின் தலைமாட்டு விளக்கு. கண்ணாடிக் கூஜா, அதன் மேல் கவிழ்த்த டம்ளர். துவாலையை நான்காக மடித்துக் கால்மாட்டில் வைத்தார். கதவை ஒட்டி ஒரு பெட்டி ஸ்டாண்டு. பெருக்கல் குறி போல மடங்குகிற மரக்கால்கள், மேலே மூன்று பட்டை நாடாக்கள். நாடாக்களை மனைவிதான் தைத்துக் கொடுத்தாள். குனியாமல் பெட்டியைத் திறக்கலாம். இது தன் நோட்டிலேயே சிறந்தது என்று அவர் நினைத்தார். சுவரில் பழைய ஆணி ஓட்டைகள் பதின்மூன்று இருந்தன. ஒவ்வொன்றையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் தெரியாதபடி ஆக்கினார்.

மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அப்பா, அத்தை வந்ததும் கையெழுத்துப் போடணுமா, இல்ல நேரா உள்ள போகலாமா?"

அக்கா ஒரு பெட்டியோடும் ஒரு துணிப்பையோடும் வந்தாள். வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். செருப்போடு இருந்தது நினைவுக்கு வந்து, வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குடா. இப்படி ஒரு ரூம்ல நான் படுத்ததே இல்ல."

டேப்புக்காரர் பெட்டியை வாங்கி ஸ்டாண்டில் வைத்துக் காட்டினார். அக்கா துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிலேட்டு அளவில் அவளுடைய சாமி படம். சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதை எங்கடா மாட்டறது?"

"இப்போதைக்கு மேசை மேல வைக்கா. சுவர் புதுசு. ஆணி அடிச்சா காரை பேந்துடும்."

"சரிடா" என்றாள் அக்கா.

காலையில் அவர் அறையை எட்டிப் பார்த்தால் போர்வையில் ஒரு சுருக்கம் இருக்காது. முப்பத்து நாலு வருஷக் கை அல்லவா, மூலைகளை இழுத்து மடித்த மடிப்பு எந்த ஹோட்டலிலும் அவர் பார்த்திராதது. துவாலை பழையபடி நான்காக மடிந்து கால்மாட்டில் இருக்கும். பாத்ரூம் தொட்டியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். ஒரு முடி கிடக்காது.

"அக்காவுக்கு ரூம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"பிடிச்சுப் போனவங்க தண்ணி குடிக்கறதுக்கு என்கிட்ட கேட்டுட்டா எடுப்பாங்க?" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

மூன்றாம் நாள் அக்கா மாடியில் துணி காயப்போடப் போயிருந்தபோது டேப்புக்காரர் விளக்கைச் சரிபார்க்க அறைக்குள் போனார். மேசைமேல் படம் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் சீப்பு, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, பாதி உருகிய ஒரு மெழுகுவர்த்தி. அவர் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் எடுத்து இழுப்பறைக்குள் வரிசையாக அடுக்கினார். படத்தையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். மேசையைத் துடைத்து, கூஜாவை நடுவில் வைத்தார்.

அக்கா வந்தாள். மேசையைப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அன்று மாலைக்குள் இழுப்பறையில் இருந்த எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டி கதவோரம், ஸ்டாண்டின் மேல், மூடியபடி இருந்தது.

மறுநாள் மகள் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா, அத்தை பெட்டியைத் திறந்து சாமி படத்தை எடுத்து, மடியில வெச்சுக் கும்பிட்டாங்க. அப்புறம் திரும்பப் பெட்டியிலயே வெச்சு மூடிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கும்பிடற மாதிரி இருந்துச்சு."

அறையில் ஏதோ குறைகிறது என்பது டேப்புக்காரருக்குப் புரிந்தது. என்ன குறைகிறது என்று நோட்டைப் புரட்டினார். ஐந்தாம் நாள் கட்டிலடியில் மெத்தென்று ஒரு கால்மிதி வந்தது. ஆறாம் நாள் இன்னொரு தலையணை. ஏழாம் நாள் தாளில் சுற்றிய சின்னச் சோப்பு. ஒவ்வொன்றுக்கும் அக்கா "எதுக்குடா இவ்வளவு சிரமம்? ரொம்ப நன்றிடா" என்றாள். பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் திட்டு வாங்கியிருக்கிறார், குட்டு வாங்கியிருக்கிறார். நன்றி வாங்கியதில்லை. அவர் எவ்வளவு சேர்த்தாரோ அவ்வளவு மரியாதை கூடிக்கொண்டு போனது.

பத்தாம் நாள் விடியும்போதே பக்கத்து ஊர் ஹோட்டலிலிருந்து போன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நிற்கிறது. கிளம்பும்போது அக்கா கூடத்துக்கு வந்தாள்.

"சாயங்காலம் வந்துருவ இல்ல? உன்னைப் பாத்துட்டு வீட்டுக்காரர்கிட்ட பேசலாம்னு இருக்கேன்."

என்ன பேசப்போகிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு லிப்ட் ஓடியது. இரண்டு மணிப் பஸ் வரை இருக்க ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். அறை சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி ஈரத்துணியால் சுவரைத் துடைத்து முடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"வாங்கண்ணே, ஆச்சு. ஒரு நிமிஷம்."

டேப்புக்காரர் சுற்றிப் பார்த்தார். "நேத்து இங்க ஆள் இருந்தாங்களா? இருந்த மாதிரியே தெரியலயேம்மா."

"அதுதாண்ணே வேலையே" என்று சிரித்தாள் அவள். "நேத்து ஒருத்தர் இங்க இருந்தாருன்னு இன்னிக்கு வர்றவருக்குத் தெரியவே கூடாது. ஒரு முடி கிடந்தாலும் எனக்குத்தான் ஏச்சு."

"உங்க வீட்டையும் இப்படித்தான் வெச்சிருப்பீங்களா?"

"ஐயோ, வந்து பாருங்க! சுவர்ல கை வைக்க இடமில்ல. மாமியார் பைக்கு ஒரு ஆணி, வீட்டுக்காரர் சட்டைக்கு ஒரு ஆணி, பிள்ளைங்க அடிச்சதுக்குக் கணக்கே கிடையாது. இங்க வேலை முடிஞ்சு போய், என் ஆணியில என் பையை மாட்டினாத்தாண்ணே மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

வாளியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். டேப்புக்காரர் தோளிலிருந்த கருவிப் பையைக் கழற்றினார். எங்கே மாட்டலாம் என்று நான்கு சுவரையும் பார்த்தார். வழவழவென்று இருந்தன. கதவோரம் ஒரு பெட்டி ஸ்டாண்டு இருந்தது. பையை அதன்மேல் வைத்தார்.

வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த ஹோட்டல் அறையிலும் அவர் பையிலிருந்து சாமானை வெளியே எடுத்து வைத்ததில்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்த ஸ்டாண்டு இருக்கும் இடம் கதவோரம். காலையில் எழுந்து கிளம்பும்போது கைக்கு வசதியாக இருக்க வேண்டும் என்றுதான் அதை அங்கே வைக்கிறார்கள். இதைத்தான் அளந்து கொண்டுபோய் அக்கா அறையில் வைத்திருக்கிறார். கூடவே, இன்னார் இருந்தார் என்று சொல்லும் பதின்மூன்று ஓட்டைகளையும் அடைத்திருக்கிறார். தன் கையால் படத்தை வேறு எடுத்து உள்ளே வைத்தார்.

டேப்பை வெளியே எடுத்தார். அந்த அறையில் அளப்பதற்கு எதுவும் இல்லை போலிருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இரும்புச் சாமான் கடைக்கு நடந்தார்.

"சுவருக்கு அடிக்கற ஆணி ரெண்டு குடுங்க."

"ரெண்டு ஆணிய வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் கடைக்காரர். "பாக்கெட்டாத்தான் வரும்."

"பாக்கெட்டாவே குடுங்க. ஆள் இருக்கு."

நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்து நாற்காலியில் அக்கா வெளியே போகும் சேலை உடுத்திக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மனைவி மெஷினை நிறுத்தியிருந்தாள். திறந்த கதவு வழியாக ஸ்டாண்டின் மேல் பெட்டி தெரிந்தது. மேலே மடித்த துணிப்பை.

"வந்துட்டியா?" என்றாள் அக்கா. "உன் வீடு நல்லா இருக்குடா. நீயும் ஒரு குறை வைக்கல. எனக்குத்தான் பழக்கமில்ல. அந்த ரூமையே வெச்சுக்கறேன்னு சொல்லிடலாம்னு..."

டேப்புக்காரர் கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

"எங்க அடிக்கணும்க்கா?"

"எதை?"

"ஆணிய."

அக்கா அவரைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள். "சுவர் புதுசுன்னியே. காரை பேந்துடும்னியே."

"பேந்தா பேந்துட்டுப் போகுது."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். கிழக்குச் சுவர் முன்னால் நின்று, உள்ளங்கையை அதில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "இங்க" என்றாள். டேப்புக்காரரின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அதை உள்ள போடு. என்ன, லிப்டா மாட்டப் போற?"

வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப்புக்காரர் டேப்பை விட்டுவிட்டுச் சுத்தியலை அக்காவிடம் நீட்டினார். "நீயே அடி."

"எனக்கு இந்தக் கை முன்ன மாதிரி இல்லடா."

"நான் ஆணியப் பிடிச்சுக்கறேன். பாத்து அடி, எனக்கு இந்த விரல் வேணும்."

"பயந்தாங்கொள்ளி. அப்படியே இருக்க."

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது இறங்கியது. இறங்கும்போது கட்டைவிரல் நக அளவில் காரை பெயர்ந்து, சுருக்கமில்லாத போர்வைமேல் விழுந்தது. மனைவி, மகள், அக்கா மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பொடியைத் தட்டிவிட்டு, "படத்தை எடு" என்றார்.

படம் ஏறியது. இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. டேப்புக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா கண்ணை மூடி, உதடு அசைய, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவள் ஆணிப் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கட்டில் பக்கத்தில் தாழ அடிக்கச் சொல்லி, அதில் துணிப்பையை மாட்டினாள். பெட்டியைத் திறந்தாள். சீப்பு, கண்ணாடி, மாத்திரை டப்பா, மெழுகுவர்த்தி என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. கூஜா ஓரத்துக்குப் போனது.

"வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் குடும்மா" என்றாள் மகளிடம்.

போனில் அவள் உரக்கப் பேசினாள். உரக்கப் பேசினால்தான் போகும் என்பது அவள் எண்ணம். "ரூமை அவங்களுக்கே குடுத்துருங்க... ஆமாங்க... இல்லைங்க, இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. இங்க ஆணி அடிச்சாச்சு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அறைக் கட்டிலில் போர்வை பாதி தரையில் கிடந்தது. துவாலை நாற்காலி முதுகில் தொங்கியது. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "டேய், உப்பு டப்பாவை எந்தப் பொந்துலடா ஒளிச்சு வெச்சிருக்கீங்க, குடும்பமா சேர்ந்து?" மனைவி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். பெட்டி ஸ்டாண்டை அவள் முந்தின நாள் மாலையே கூடத்துக்கு இழுத்துவிட்டாள். வெட்டிய சீருடைத் துணிகளை அடுக்க அது சரியான உயரம் என்று சொன்னாள்.

டேப்புக்காரர் அக்கா அறைக்குள் போனார். பெயர்ந்த காரைக்குப் பட்டி வைக்கும் எண்ணம் அவருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, போனது. சாய்ந்த படத்தையும் தொடவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, டேப்பை இழுத்துத் தரையிலிருந்து படத்து ஆணி வரை பிடித்தார். நீல நோட்டில், ஹோட்டல் அளவுகளுக்கெல்லாம் கீழே எழுதினார்.

"நம் வீடு. அக்கா அறை. ஆணி நாலடி பத்து அங்குலம். அக்காவுக்கு எட்டுகிறது."